"சந்தேகம் இருக்கா?" என்றால் ஏன் யாரும் வாயைத் திறப்பதில்லை: டீம் கேள்வி பதில்

பதினெட்டு வருஷமாக டீம்களோடு மல்லுக்கட்டியதுதான் எனக்கு இருக்கும் ஒரே தகுதி. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்கு நீளமான பதில், சிலவற்றுக்கு இரண்டு வரிதான், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அக்கா, நான் லீட் ஆகி நாலு மாசம் ஆகிறது. மீட்டிங் முடிவில் "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் கப்சிப். வெளியே போனதும் இரண்டிரண்டு பேராக நின்று பேசிக்கொள்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள் தம்பி. சந்தேகம் இருக்கிறது என்று கையைத் தூக்கினால், எனக்குப் புரியவில்லை என்று பத்துப் பேர் முன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது, யார் தூக்குவார்கள்? "இது எந்த இடத்தில் சொதப்பும்? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அப்போது குறை கண்டுபிடிப்பதே வேலையாகிவிடும். கேட்டுவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணும் வரை நீங்கள் பேசக் கூடாது. இதுதான் கஷ்டம்.

அப்புறம், முதல் ஆள் கெட்ட செய்தி சொல்லும்போது மற்றவர்கள் அவரைப் பார்க்க மாட்டார்கள், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். என் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஒரு தடவை, "அந்தத் தேதிக்குள் முடியாது" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டேன். அடுத்த மூன்று மாசம் எதைக் கேட்டாலும் "ஆயிடும்" என்றுதான் பதில் வந்தது. கடைசியில் ஆகவில்லை. தப்பு அவளுடையது இல்லை, அந்தப் பெருமூச்சுடையது.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துப்போகும் குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கேதான் எண்ணிக்கை அதிகமாக இருந்தது. பிறகுதான் அவருக்குப் பிடிபட்டது: அவர்கள் கூடுதலாகத் தவறு செய்திருக்க வேண்டியதில்லை, செய்ததை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். அதனால் டீமில் புகாரே வரவில்லை என்றால் நான் சந்தோஷப்பட மாட்டேன்.

கேள்வி: மேனேஜர் என் நீளமான மெசேஜுக்கு "ஓகே." என்று மட்டும், புள்ளி வைத்து, அனுப்பினார். கோபமாக இருக்கிறாரா? ராத்திரி தூக்கமே வரவில்லை.

பதில்: ஒருவேளை லிஃப்டில் நின்றுகொண்டு டைப் செய்திருப்பார். 1990இல் எலிசபெத் நியூட்டன் என்ற மாணவி அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார். ஒருவர் தெரிந்த பாட்டின் தாளத்தை மேஜையில் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். ஆனால் 120 பாட்டுகளில் பிடிபட்டது 3. தட்டுகிறவர் தலைக்குள் பாட்டு ஓடுகிறது, கேட்பவர் காதில் விழுவது டக் டக் மட்டும். மெசேஜும் அப்படித்தான், குரல் அனுப்பியவரிடமே தங்கிவிடுகிறது. ஊகிக்காமல், "இதில் ஏதாவது மாற்றணுமா, இரண்டு நிமிஷம் பேசலாமா?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஐந்து பேராக இருந்தபோது எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தது. இப்போது பன்னிரண்டு பேர், "எனக்கு யாரும் சொல்லலையே" என்பதுதான் தினமும் கேட்கிறது. ஆட்கள் சரியில்லையா?

பதில்: ஆட்களைத் திட்ட வேண்டாம், கணக்கைப் பாருங்கள். ஐந்து பேருக்குள் 10 ஜோடி. பன்னிரண்டு பேருக்குள் 66. வாய்வார்த்தையில் ஓடிக்கொண்டிருந்தது இனி ஓடாது. மீட்டிங் முடிந்ததும் யார், எதை, எப்போதுக்குள் என்று மூன்றே விஷயத்தை எழுதி எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் போடுங்கள். "பார்த்துக்கலாம்" என்று முடிந்தது எதையும் முடிவாக எழுதாதீர்கள்.

கேள்வி: டீமில் எல்லோரையும் கட்டாயமாக விளையாடச் சொல்கிறார்கள், இதனால் நெருக்கம் வருமா?

பதில்: எனக்கு நம்பிக்கை இல்லை. சேர்ந்து ஒரு சிக்கலை அவிழ்த்தால் தானாக வரும்.

கேள்வி: சீனியர் செய்வது தப்பு என்று தெரிகிறது. எல்லோர் முன்னாலும் எப்படிச் சொல்வது?

பதில்: 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரீஃப் தீவின் விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கிளம்பிக்கொண்டிருந்த விமானத்தின் பொறியாளர், இன்னொரு விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். கேப்டன் விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னதும் அதற்கு மேல் யாரும் அழுத்தவில்லை. கேப்டன் சாதாரண ஆளும் இல்லை, அந்த விமான நிறுவனத்தில் மிகவும் மதிக்கப்பட்ட விமானி. பிற்பாடு, சந்தேகம் வந்தால் பதவி பார்க்காமல் சொல்லவும், சொன்னால் காது கொடுக்கவும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சியே வந்ததற்கு இந்த விபத்தும் ஒரு காரணம்.

உங்கள் விஷயத்தில் உயிர் போகாது, ஆனால் பாடம் அதேதான். பட்டும் படாமல் கேட்டால் "அதெல்லாம் சரிதான்" என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். "சார், நான் பார்த்தது இது. இதனால் இது நடக்கும் என்று பயமாக இருக்கிறது. பத்து நிமிஷம் நிறுத்திப் பார்த்துவிடலாமா?" என்று சொல்லுங்கள். அவசரம் இல்லையென்றால் தனியாகச் சொல்லலாம். அவசரம் என்றால் எல்லோர் முன்னாலும்தான்.

கேள்வி: இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. எல்லாம் என் வழியாகவே போகிறது. என்னால் முடியவில்லை.

பதில்: தபால்காரர் வேலையை இன்றே விடுங்கள். அடுத்த தடவை "அவரிடம் சொல்லிடுங்க" என்று வந்தால், "வாங்க, சேர்ந்தே போய்ச் சொல்லலாம்" என்று கூடவே எழுந்து நடங்கள். முதல் இரண்டு தடவை உங்களைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அப்போது நீங்கள் கையில் இருக்கும் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.