கால்சியம் டானிக் கொடுத்தும் கன்றுக்கு முன்னங்கால் வளைகிறதே, தீவனத்தில் எங்கே குறை?

ஐந்து மாதக் கிடாரிக் கன்று. பாலை மறக்கடித்து இரண்டு மாதம் ஆகிறது. வைக்கோலும் தவிடும்தான் தீவனம், நாள் முழுக்கக் கொட்டகைக்குள்ளேயே கட்டியிருக்கிறது. வயிறு தொங்குகிறது, உயரம் ஏறவில்லை, முன்னங்கால் முட்டிகள் பருத்துக் கால் வளைகிறது, மண்ணை நக்குகிறது. டானிக் கொடுத்தும் மாற்றம் இல்லை. இது பிறவியிலேயே வந்த வாகா, தீவனக் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் தீவனம்தான், அதோடு வெயில் படாததும் சேர்ந்திருக்கிறது. கன்றுகளோடு பல வருடம் பழகியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு மூட்டு மட்டும் வீங்கி, சூடாக இருந்து, தொட்டாலே கன்று காலை இழுத்துக்கொண்டால் அது பெரும்பாலும் கிருமித் தொற்று. தொப்புள்கொடி வழியாக உள்ளே போய் மூட்டில் தங்கிவிடும். அதற்கு அன்றைக்கே மருத்துவர் வர வேண்டும், தீவனத்தை மாற்றிப் பயனில்லை. இரண்டு கால்களும் ஒரே மாதிரி பருத்து, சூடு இல்லாமல், அழுத்தினால் எலும்பாகவே கெட்டியாகத் தட்டுப்பட்டால் எலும்பு வளர்ச்சிக் கோளாறு. அப்புறம் கையைக் கன்றின் முழங்கைக்குப் பின்னால் கொண்டுபோய் விலாவின் கீழ்ப்பகுதியைத் தடவுங்கள். விலா எலும்பு குருத்தெலும்போடு சேரும் இடங்களில் வரிசையாக முண்டு முண்டாகத் தட்டுப்பட்டால் சந்தேகமே வேண்டாம், அது எலும்பு கெட்டியாகாத ரிக்கெட்ஸ் நோய். கன்று முதுகைக் கூனிக்கொண்டு நிற்பதும், எழும்போது விறைத்து விறைத்து நடப்பதும் கூடவே இருக்கும்.

முட்டி ஏன் பருக்கிறது? கால் எலும்பு நீள்வது அதன் முனைகளுக்கு அருகில் இருக்கும் வளர்ச்சித் தட்டில். அங்கே குருத்தெலும்புச் செல்கள் பெருகி அடுக்கடுக்காக நிற்கும். பின்னாலேயே கால்சியமும் பாஸ்பரஸும் வந்து படிந்து அதைக் கெட்டி எலும்பாக மாற்றும். இந்தத் தாதுக்கள் வராவிட்டால் செல்கள் பெருகுவது நிற்காது, கெட்டியாவதுதான் நின்றுபோகும். குருத்தெலும்பு குவிந்து முனை பருக்கிறது. மெத்தென்ற அந்த இடத்தில் உடல் எடை இறங்கக் கால் வளைகிறது. அதனால்தான் வேகமாக வளரும் கன்றுக்கே இது சீக்கிரம் தெரியும்.

இப்போது தவிட்டுக்கு வருவோம். எலும்பில் கால்சியமும் பாஸ்பரஸும் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கின்றன. தீவனத்திலும் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, இரண்டு மடங்கு வரையிலோ இருப்பது நல்லது. கோதுமைத் தவிட்டில் இது தலைகீழ். ஒரு கிலோவில் பாஸ்பரஸ் பத்து கிராமுக்குக் குறையாது, கால்சியமோ ஒரு கிராம், ஒன்றரை கிராம்தான். அரிசித் தவிடும் அப்படியே. இந்த நிலை நீடித்தால் ரத்தத்தில் கால்சியம் குறையாமல் காக்க, பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்தே அதை உருவத் தொடங்கும். அந்த ஒரு கிலோ தவிட்டில் கால்சியத்தைப் பாஸ்பரஸைப் போல் ஒன்றரை மடங்காக்கிச் சரிக்கட்டவே இன்னும் பதிமூன்று கிராம் அளவுக்குக் கால்சியம் வேண்டும். உங்கள் டானிக் பாட்டிலில் ஒரு வேளை அளவுக்கு எத்தனை கிராம் கால்சியம் என்று எழுதியிருக்கிறது, பாருங்கள். மில்லி அளவைப் பார்க்காதீர்கள், கிராம் கணக்கைப் பாருங்கள். தீவனத்துக்கான சுண்ணாம்புக்கல் தூள் முப்பத்தைந்து கிராம் சேர்த்தால் அந்தப் பதிமூன்று கிராம் கிடைத்துவிடும். சுவருக்கு அடிக்கும் நீற்றிய சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள், வாயும் குடலும் வெந்துபோகும். காளைக்கன்று வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: பாஸ்பரஸ் மிஞ்சிய தீவனத்தால் சிறுநீர்ப் பாதையில் கல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

சரி, கால்சியத்தைக் கூட்டிவிட்டால் போதுமா? போதாது. குடலில் இருந்து அது ரத்தத்துக்கு ஏற வைட்டமின் டி வேண்டும். வெயில் தோலில் பட்டால் கன்று அதைத் தானே செய்துகொள்ளும். வெயிலில் காய்ந்த புல்லிலும் ஓரளவு உண்டு. பாலில் அது குறைவு, தவிட்டிலும் இல்லை. கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெளிச்சமும் இதற்கு உதவாது, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கன்றைத் தினமும் சில மணி நேரம் வெளியே விடுங்கள். நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

உயரம் ஏறாததற்குக் காரணம் வேறு, அங்கே புரதம்தான் முக்கியம். எலும்பு என்பது வெறும் தாது இல்லை. கொலாஜன் என்ற புரதம் வலைபோல் பின்னி நின்றால்தான் அதில் தாது படியும். கம்பி கட்டாமல் கான்கிரீட் கொட்டினால் என்ன ஆகுமோ அதுதான் புரதம் இல்லாமல் கால்சியம் கொடுப்பதும். வைக்கோலில் புரதம் மூன்று, நான்கு சதவீதம்தான். ஐந்து மாதக் கன்றின் மொத்தத் தீவனத்தில் பதினாறு சதவீதமாவது வேண்டும். தொங்கும் வயிற்றைப் பார்த்து நன்றாகத் தின்கிறது என்று நினைக்க வேண்டாம். செரிக்காத நார் அடைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கன்றின் அசையூண் வயிறு பிறக்கும்போது சிறியது. அதன் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் சிறு முளைகள் வளர்வதற்கு, தானியம், பிண்ணாக்கு போன்ற அடர்தீவனம் நொதித்து உண்டாகும் பியூட்டிரிக் அமிலம் தூண்டுதலாக இருக்கிறது. சின்ன வயதிலேயே வைக்கோலை மட்டும் போட்டால் பை பெரிதாகும், முளைகள் வளராது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரியில் வாட்டர்ஸ் என்பவர் இளங்காளைகளுக்கு எடை கூடாத அளவுக்கு மட்டும் தீனி போட்டுப் பார்த்தார். 1908-இல் அதை வெளியிட்டார். எடை ஏறாமலே அவை உயரமாகிக்கொண்டிருந்தன! பட்டினியிலும் உடல் எலும்புக்கு முன்னுரிமை கொடுக்கும், கொழுப்பையும் தசையையும் கரைத்து எலும்பை வளர்க்கும். அதனால் உயரமே நின்றுவிட்டது என்றால் குறை நேற்று வந்ததில்லை, வெகுநாளாக இருக்கிறது என்று அர்த்தம். எடையைப் பின்னால் தீனி போட்டு ஏற்றிக்கொள்ளலாம். உயரம் அப்படி முழுதாகத் திரும்பாது, பிறந்த பிறகு கூடும் உயரத்தில் ஏறத்தாழப் பாதி முதல் ஆறு மாதத்திலேயே வந்துவிடுகிறது. கிடாரியின் இடுப்பெலும்பு குறுகிப்போனால் நாளைக்குக் கன்று ஈனும்போது அதுதான் கஷ்டப்படும். எடைக்கு ஒரு கண் என்றால் உயரத்துக்கு இன்னொரு கண் வையுங்கள். தோள் மேட்டிலிருந்து தரைவரை மாதம் ஒருமுறை அளந்து எழுதி வைப்பது போதும்.

மண் நக்குவது பற்றி. பாஸ்பரஸ் பற்றாக்குறை என்றால் மாடு எலும்பைக்கூடக் கடிக்கும். தென்னாப்பிரிக்க மேய்ச்சல் நிலங்களில் அப்படி எலும்பும் பிணமும் தின்ற மாடுகள் பொட்டுலிசம் விஷத்தால் செத்தன. எலும்புத்தூள் கொடுத்தால் அந்த ஆசையே அடங்கிவிடும் என்று ஆர்னால்டு தெய்லர் என்ற கால்நடை மருத்துவர் காட்டினார். ஆனால் உங்கள் கன்று தவிடு தின்கிறது, பாஸ்பரஸுக்குக் குறைவிருக்க வாய்ப்பில்லை. சாதாரண உப்புப் பற்றாக்குறையும் குடற்புழுவும்தான் என் சந்தேகம். சாணத்தைப் பரிசோதித்துவிட்டு மருந்து கொடுங்கள், நக்குவதற்கு உப்புக்கட்டி தொங்கவிடுங்கள்.

தீவனத்தை ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள், வயிறு புளித்துவிடும். ஒரு வாரம், பத்து நாளில் தவிட்டைப் படிப்படியாகக் குறைத்து, தானியமும் பிண்ணாக்கும் கலந்த கன்றுத் தீவனத்தை ஏற்றுங்கள். வைக்கோலின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனம் கொடுங்கள். அதில் கால்சியமும் உண்டு, புரதமும் உண்டு. பச்சையாக வெறும் வயிற்றில் நிறையப் போட்டால் வயிறு உப்பும் என்பதால் கொஞ்சம் வாடவிட்டுப் போடுங்கள். தாது உப்புக் கலவையைப் பையில் எழுதியிருக்கும் அளவுக்குச் சேர்த்தால் தாமிரம், மாங்கனீசு, துத்தநாகம் எல்லாம் அதிலேயே வந்துவிடும். தாமிரம் குறைந்தால் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணையாமல் எலும்பு நொறுங்கும், அதனால் அந்தக் கலவையை விட்டுவிடாதீர்கள்.

பச்சை கொஞ்சமாவது வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் வைட்டமின் ஏ. அது இல்லாத கன்றுக்கு மண்டையோட்டு எலும்பு சரியாகச் செதுக்கப்படாமல், பார்வை நரம்பு வரும் துளை குறுகி, நரம்பு நசுங்கிக் கண் போய்விடும். அதற்காக ஏ, டி ஊசிகளை நீங்களே வாங்கிப் போட்டுவிடாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். அளவு மிஞ்சினால் வளர்ச்சித் தட்டுகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொண்டு, பின்னங்கால் குட்டையாகவே நின்றுவிடும். கொடுக்க வேண்டுமா, எவ்வளவு என்பதை மருத்துவர் ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ் அளவைப் பார்த்துத் தீர்மானிக்கட்டும். லேசான வளைவு என்றால் சில மாதங்களில் நிமிர வாய்ப்பு உண்டு. விறைப்பு அதற்கு முன்பே, சில வாரங்களில் குறையும். அதுவரை வழுக்காத தரையில், மெத்தென்ற படுக்கை போட்டு வைத்திருங்கள், ஓடவிட வேண்டாம்.