கிளினிக் திகதிக்குக் காத்திருக்கும் வீடுகளுக்கு: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் கேட்டவற்றுக்கு ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவரின் பதில்கள்.

சம்மாந்துறை: வாப்பாவுக்கு ஹேர்னியா. ஒப்பரேசனுக்கு இன்னும் அஞ்சு மாசம் கிடக்கு. வெட்டுக் காலம், வீட்டில இருக்கிறாரில்ல.

தங்கச்சி, வயலுக்குப் போகட்டும், நெல் மூட்டையில் மட்டும் கை வைக்க விடாதீங்க. ஹேர்னியா என்றால் வயிற்றுச் சுவரில் ஒரு ஓட்டை, மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது குடல் அந்த ஓட்டைக்குள் இன்னும் தள்ளுப்படும். இருமலும் மலச்சிக்கலும் அதையேதான் செய்யும், இரண்டுக்கும் இப்பவே மருந்து எடுங்க. பீடி, சிகரெட் இருந்தால் நிறுத்தவேணும். இல்லாட்டி ஒப்பரேசனுக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டும், காயம் ஆறச் சுணங்கும். யாராவது வராமல் இடம் கிடைத்தால் உடனே வருவோம் என்று கிளினிக்கில் சொல்லி, போன் நம்பரையும் எழுதிக் கொடுங்க.

படுத்ததும் வீக்கம் உள்ளே போகுதென்றால் திகதிக்குக் காத்திருக்கலாம். கல்லுப்போல் இறுகி, உள்ளே போகாமல், நோவும் சத்தியும் வந்தால் குடலுக்கு இரத்தம் ஓடாமல் போகலாம். அந்த நேரம் திகதித் துண்டைப் பார்க்காதீங்க. நடுச்சாமமானாலும் 1990 அம்புலன்ஸுக்குப் போன் எடுங்க, அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. சாப்பாடு, தண்ணி ஒன்றும் கொடுக்கவேண்டாம்.

அக்கரைப்பற்று: அம்மாவுக்கு இன்சுலின். வீட்டில் பிரிஜ் இல்லை.

திறக்காத போத்தல்கள் 2 முதல் 8 பாகையில் இருக்கவேணும், அதனால் பிரிஜ் உள்ள அயல் வீட்டில் வையுங்க. ஐஸ் பெட்டியில் வேண்டாம், உறைந்த இன்சுலின் பிறகு உதவாது. பாவிக்கிற போத்தல் 30 பாகைக்குக் கீழே இருந்தால் ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கும். பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, நடுவில் சின்னச் சட்டியைப் புதைத்து, அதற்குள் மூடியிட்ட காய்ந்த டப்பாவில் இன்சுலினை வைத்து, மேலே ஈரத்துணி போடுங்க. பானை காற்றோட்டமான நிழலில் இருக்கட்டும், மணலுக்குக் காலை மாலை தண்ணி தெளிக்கவேணும். வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் இது நல்லாய்க் குளிரும். காற்றில் ஈரம் கூடினால் குளிர்ச்சி குறையும். கண்ணாடியில் வெள்ளைத் துகள் ஒட்டியிருந்தால் அந்தப் போத்தலை ஒதுக்கிவிடுங்க. திறந்த திகதியை போத்தலிலேயே எழுதுங்க.

களுவாஞ்சிகுடி: அம்மாவை அக்கா தனியப் பார்க்கிறா. கட்டாரில் இருக்கிற தம்பியும் நானும் தினமும் போன் எடுத்துக் கேட்கிறம். கடைசியில் சண்டைதான்.

ஒரே விசயத்தை அக்கா இரண்டு தரம் சொல்லவேண்டியிருக்கு, மகன். அதை நிப்பாட்டுங்க. கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மருந்தின் பெயர், மில்லிகிராம், நேரம், ஒத்துவராத மருந்து எல்லாம் எழுதி, கிளினிக் போய்வந்த அன்றே படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புங்க. டொக்டரிடம் கேட்கவேண்டியதை முதல் நாளே மூன்று வரியில் எழுதிக் கொடுங்க. கிளினிக் வரிசைக்கு அடுத்த முறை நீங்கள் போங்க. தம்பியால் வர ஏலாது, கூலிக்கு ஆள் பிடித்து அக்காவுக்குக் கிழமையில் இரண்டு இரவு நித்திரை கொடுக்க ஏலும். "அம்மா எப்படி?" என்று கேட்க முதல் "நீ சாப்பிட்டியா?" என்று கேட்கச் சொல்லுங்க.

ஏறாவூர்: மூன்று மாதச் சராசரிச் சீனிச் சோதனைக்கு (HbA1c) வெறும் வயிறா?

தேவையில்லை. காலை வெறும்வயிற்றுச் சீனிக்குத்தான் 8 மணித்தியாலம், பச்சைத்தண்ணி குடிக்கலாம்.

வாழைச்சேனை: அப்பாவுக்கு வாய் கோணிச்சு, பிறகு சரியாப் போச்சு. கிளினிக் வாற மாசம்தானே?

இல்லை தம்பி, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு. சரியாய்ப் போனாலும் பெரிய பாரிசவாதம் அடுத்த நாட்களில் வரலாம். வாய், கை, பேச்சு திரும்பவும் மாறினால் கடைசியாய் நல்லாய் இருந்த நேரத்தைக் குறித்து 1990க்குச் சொல்லுங்க. இரத்தக்கட்டி கரைக்கிற ஊசி பெரும்பாலும் அந்த நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள்தான் போடுவார்கள்.