ஸ்டோரில் கிடந்த மைக்ரோ ஜீனியஸ்

கேள்வி: அப்பாவின் தோட்ட வீட்டைக் காலி செய்தபோது பழைய மைக்ரோ ஜீனியஸ் வீடியோ கேம் பெட்டி, ஐந்து கேம் கேசட், டிவியைச் சுடும் ஒரு விளையாட்டுத் துப்பாக்கி எல்லாம் கிடைத்தன. பள்ளி லீவில் லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பிள்ளைகள் வரிசை கட்டி விளையாடிய பெட்டி அது. அடாப்டரைக் காணோம். மோடத்தின் அடாப்டர் முனை கச்சிதமாகப் பொருந்துகிறது. தீபாவளிக்கு அண்ணன் பிள்ளைகள் வருகிறார்கள். செருகிப் பார்க்கலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: வேண்டாம். முனை பொருந்துவதால் மின்சாரமும் பொருந்தும் என்று நினைத்துத்தான் பல பெட்டிகள் புகைந்து போயின. மைக்ரோ ஜீனியஸ், 1983இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோ ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் பெட்டியின் தைவான் நகல். இந்த வகைக்குப் பெரும்பாலும் 9 வோல்ட் டிசி (நேர் மின்சாரம்), முனையின் நடுவில் மைனஸ். மோடம் அடாப்டர் அநேகமாக 12 வோல்ட், நடுவில் பிளஸ். அதாவது நேர் எதிர். பெட்டியின் அடியில் உள்ள லேபிளைப் படியுங்கள். வட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து போகும் கோடு எந்தக் குறியில் முடிகிறதோ, அதுதான் உள்முனை. அதே வோல்ட்டும் அதே குறியும் உள்ள 1 ஆம்பியர் அடாப்டர் போதும்.

மின்சாரம் கொடுக்கும் முன் திருகுகளைக் கழற்றி உள்ளே பாருங்கள். தோட்ட வீட்டுச் சாமான். கரப்பான் முட்டையும் எறும்புக் கூடும் இருந்தால் ஆச்சரியமில்லை. காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். தலை உப்பிய கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேமிக்கும் சிறு உருளை) தென்பட்டால் அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது கூடுதல் வோல்ட் உள்ளதாக மாற்றச் சொல்லுங்கள். மூன்று கால்களோடு தகட்டில் திருகியிருப்பது 7805 என்ற சில்லு. 9 வோல்ட்டை 5 ஆக இறக்குவது அதன் வேலை. மிச்சத்தைச் சூடாக்கி வெளியேற்றும். அதனால் 12 வோல்ட் கொடுத்தால் வீணாகக் கொதிக்கும். பிறகு மின்சாரம் கொடுத்து மீட்டரால் அளந்தால், எழுத்துள்ள பக்கம் உங்களைப் பார்க்க, வலது காலில் 4.75 முதல் 5.25 வரை வோல்ட் வர வேண்டும்.

திரை வெறும் சாம்பலாகவோ கட்டங்கள் சிதறியோ வந்தால் பெட்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கேசட்டின் 60 செம்புப் பட்டைகளில் ஒன்றிரண்டு அழுக்கானாலே இப்படித்தான். அப்போதெல்லாம் எல்லாரும் வாயால் ஊதினோம். எச்சில் ஈரம் பட்டையை அரிக்கும் என்பதுதான் உண்மை. ஊதிய பின் வேலை செய்ததற்குக் காரணம், எடுத்துத் திரும்பச் செருகியது. 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபில் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து இரு பக்கமும் தேயுங்கள். முதல் குச்சி கறுப்பாக வரும். குச்சி வெள்ளையாகவே திரும்பும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். பச்சை பிடித்திருந்தால் மென்மையான ரப்பரால் லேசாக அழியுங்கள். மணல்தாள் மேல்பூச்சையே சுரண்டிவிடும். பத்து நிமிடம் உலரவிட்டுச் செருகுங்கள்.

பெட்டியில் மஞ்சள் ஏவி (வீடியோ) துளை இருந்தால் அதில் இணைப்பதே சுலபம். ஆன்டெனா வயர் மட்டும் என்றால் டிவியில் அனலாக் சேனல் தேடவிடுங்கள். 2019இல் அனலாக் ஒளிபரப்பு நின்றாலும் பல டிவிகளில் அந்த டியூனர் இருக்கிறது.

துப்பாக்கி மட்டும் தட்டை டிவியில் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, இலக்கு இருக்கும் இடம் வெள்ளையாக மின்னும். துப்பாக்கியின் முனைக் கண் அந்த வெளிச்சத்தைப் பின்புறம் பருத்த பழைய குண்டு டிவி வரையும் வேகத்தில்தான் எதிர்பார்க்கிறது. தட்டை டிவி தாமதமாகக் காட்டுவதால் எல்லாமே குறி தவறும். அப்பாவின் பழைய டிவியை லாரிக்காரர் இன்னும் எடுத்துப் போகவில்லை என்றால், அதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.