கோத்தகிரியா, ஏற்காடா, கொடைக்கானலா?

வீட்டிலிருந்தே வேலை, கூடவே இதய நோயாளியான அப்பா, குடியேற இந்த மூன்று மலை ஊர்களில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். குளிரும் காட்சியும் எல்லா மலையிலும் கிடைக்கும். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் பெரிய மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் என்பதே கேள்வி.

அந்தக் கணக்கில் கொடைக்கானலை முதலிலேயே நீக்கிவிடுங்கள். மதுரை சுமார் 120 கிலோமீட்டர், அதில் பாதி மலைப்பாதை. கோடை விடுமுறை நெரிசலில் ஆம்புலன்ஸ் படும் பாடு தனி. உயரமும் 2,100 மீட்டர். மருத்துவரைக் கேட்காமல் அங்கே குடியேற்றாதீர்கள்.

என் ஓட்டு ஏற்காட்டுக்கு. உயரம் 1,500 மீட்டர்தான், குளிர் மிதமாக இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சேலம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆனால் 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் அந்தச் சாலையே சரிந்து போக்குவரத்து நின்றது. மழை எச்சரிக்கை வந்தால் அப்பாவை முன்கூட்டியே கீழே அழைத்து வந்துவிடுங்கள்.

கோத்தகிரி அழகு, ஊட்டிக் கூட்டமும் கிடையாது. தொட்டபெட்டா சிகரம் மறைப்பதால் தென்மேற்குப் பருவமழை அங்கே குறைவு. வடகிழக்குப் பருவமழைதான் வெளுத்து வாங்கும். கோவை போக இரண்டு மணி நேரமாவது ஆகும்.

எங்கே போனாலும் இப்போதைக்கு நிலம் வாங்காதீர்கள். நவம்பரை உள்ளடக்கி வாடகைக்கு இருந்து பாருங்கள், சுவரில் ஈரம் ஏறுகிறதா என்று தெரியும். இணையத்துக்கு, பக்கத்து வீட்டுக்காரரிடம் மழை நாளில் லைன் துண்டிக்காமல் இருக்கிறதா என்று கேளுங்கள். புரோக்கரிடம் கேட்டால் எல்லாம் இருக்கிறது என்றுதான் சொல்வார்.