மண் மிதிக்காத ஸ்கிராம்பளர்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே வகை வண்டியைப் பற்றித்தான்: மண் பாதை வண்டி போன்ற தோற்றமுள்ள ஸ்கிராம்பளர் மோட்டார் சைக்கிள். அதனால் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. பினாங்குத் தீவின் சுங்கை ஆராவில் தங்கி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை பார்க்கிறேன். ஆறு வருடமாகக் கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிள்தான் ஓட்டுகிறேன். டிரையம்ப் ஸ்கிராம்பளர் 400 எக்ஸ் வண்டியைப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. ஆனால் நான் காட்டுப் பக்கமோ செம்மண் பக்கமோ போகப் போவதில்லை. வேலைக்குப் போகணும், ஞாயிற்றுக்கிழமை பாலிக் பூலாவுக்கு ஒரு சுற்று, மாதம் ஒரு முறை சுங்கை பட்டாணிக்குப் போய் அம்மாவைப் பார்க்கணும், அவ்வளவுதான். தார்ச்சாலையிலேயே ஓட்டுகிறவனுக்கு இது சரிப்படுமா? இல்லை, அதே கம்பெனியின் ஸ்பீட் 400 நல்லதா? என் உயரம் 165 சென்டிமீட்டர். லைசென்ஸ் பி2.

பதில்: தம்பி, உங்கள் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பி2 லைசென்ஸில் 250 சிசி வரைதான் ஓட்ட முடியும். இந்த வண்டி 398 சிசி. முன்பணம் கட்டும் முன்பே, சிசி வரம்பில்லாத பி ஃபுல் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் காப்புறுதி கைகொடுக்காது. அப்படி மாட்டிக்கொண்டு, நொறுங்கிய வண்டியோடு என் பட்டறைக்கு வந்த பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சாலை வரியும் மாறும். கப்சாய்க்கு வருடம் 2 வெள்ளி (ரிங்கிட்) கட்டினீர்கள், இதற்கு 100 வெள்ளி.

சரி, வண்டிக்கு வருவோம். நீங்கள் கேட்ட இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றுதான். தண்ணீரால் குளிரும் ஒற்றை சிலிண்டர், 40 பிஎஸ் சக்தி, 6 கியர். டேங்க் கொள்ளளவும் இரண்டிலும் 13 லிட்டர். வித்தியாசம் கையிலும் காலிலும்தான். ஸ்பீடுக்கு முன்னும் பின்னும் 17 அங்குலச் சக்கரம். ஸ்கிராம்பளருக்குப் பின்னால் 17, முன்னால் மட்டும் 19. அதன் சஸ்பென்ஷன், அதாவது குழியின் அடியைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு, முன்னும் பின்னும் 150 மில்லிமீட்டர் இறங்கி ஏறும். ஹேண்டில் நன்றாக அகலம். எடை 179 கிலோ, ஸ்பீடைவிட 9 கிலோ கூடுதல்.

இந்த எண்கள் சாலையில் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்ள, பட்டறைக்கு வரும் ஒருவரின் வண்டியைக் கேட்டு வாங்கி, போன மாதம் தீவை ஒரு சுற்றுச் சுற்றினேன். தெலுக் கும்பார், பாலிக் பூலா, தித்தி கெராவாங், தெலுக் பஹாங், பத்து ஃபெரிங்கி. வீட்டை விட்டுக் கிளம்பியபோது வெயில், பாலிக் பூலா தாண்டியதும் மழை.

முதல் பத்து நிமிடத்திலேயே எனக்குப் பிடித்துப்போனது அந்த முன்சக்கரம். நம் சாலைகளில் குழாய் பதிக்கத் தோண்டி, ஒட்டுப் போட்டு மூடிய இடங்கள் எத்தனை! கப்சாயில் அவற்றின் மேல் ஏறினால் மணிக்கட்டு வரை அடி வரும். சக்கரம் பெரிதாக இருந்தால் குழியின் ஓரத்தில் முட்டாமல் மேலே ஏறிக் கடந்துவிடுகிறது. மிச்ச அடியைச் சஸ்பென்ஷன் விழுங்கிக்கொள்கிறது. ஒரு ஒட்டு மேட்டைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். ஒதுங்க நேரமில்லாமல் நேராகவே ஏறினேன், வண்டி அலையவே இல்லை. முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதால் முன்னால் நிற்கும் கார்களின் கூரைக்கு மேலேயே பாதை தெரிகிறது. ஷிஃப்டு விட்டு ஆயிரம் வண்டிகளுக்கு நடுவில் வெளியே வருகிற உங்களுக்கு அது பெரிய உதவி.

அதற்கு விலையும் உண்டு. மலைப்பாதை வளைவுகளில் ஸ்பீட் போல இது சட்டென்று சாயாது. கொஞ்சம் முன்னதாகவே முடிவு செய்து, அகலமான ஹேண்டிலை மெதுவாகத் தள்ளிச் சாய்க்கணும். பிரேக்கை அழுத்திப் பிடித்தால் முன்பக்கம் நன்றாகத் தாழும். அது கோளாறில்லை, முன்சக்கரத்தைத் தாங்கும் நீளமான ஃபோர்க்கின் குணம். பிரேக்கை ஒரேயடியாகப் பிடிக்காமல் படிப்படியாக இறுக்கப் பழகிவிட்டால் சரியாகிவிடும்.

சுங்கை பட்டாணிக்குப் போக நீங்கள் பினாங்குப் பாலம் ஏறணும். 13.5 கிலோமீட்டர் நீளம், பக்கக் காற்றில் எந்த வண்டியும் கொஞ்சம் ஆடும். நிமிர்ந்து உட்கார்ந்து கைகளை விரித்துப் பிடித்திருப்பதால் இதில் உங்கள் உடம்பே பாய்மரம் ஆகிவிடும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், முழங்கைகளைத் தளர்த்தி விடுங்கள். வடக்கு நெடுஞ்சாலையில் 110 வரை எஞ்சின் தாராளமாக இழுக்கும், ஆனால் காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். எனக்கு 90க்கும் 100க்கும் இடையில்தான் சுகமாக இருந்தது.

இப்போது டயர். தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள். கம்பெனி போட்டுத் தருவது சாலைக்கும் லேசான மண் பாதைக்கும் பொதுவான டயர், அது போதும். ஆனால் வண்டி வாங்கிய இரண்டாவது மாதமே பலர் கட்டைக் கட்டையாக இருக்கும் மண் டயரை மாட்டிவிடுகிறார்கள். படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். தார்ச்சாலையில் அந்தக் கட்டைகளின் தலை மட்டுமே தரையைத் தொடும், நடுவில் இருப்பதெல்லாம் வெறும் இடைவெளி. பிரேக் பிடித்தால் ஒவ்வொரு கட்டையும் வளைந்து கொடுக்கும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சாலையில் எண்ணெயும் தூசியும் குழைந்து கிடக்கும்போது, வெள்ளைக் கோட்டின் மேல் அந்த டயர் பட்டால் பிடிப்பே இருக்காது.

இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு 200 சிசி டிரெயில் வண்டி இருந்தது. அதற்கு அப்படித்தான் ஆசையாக ஒரு ஜோடி மண் டயர் வாங்கிப் போட்டேன். தித்தி கெராவாங் பழக்கடைகளுக்குப் பக்கத்து வளைவில், சாரல் மழையில், கோட்டின் மேல் முன் பிரேக்கைத் தொட்டேன். மெதுவாகத்தான் போனேன். காறை எலும்பு உடைந்து ஆறு வாரம் பட்டறையைத் திறக்க முடியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த என் தம்பிக்கு முழங்கால் இன்றைக்கும் முழுதாக மடங்காது.

அதனால் கம்பெனி டயர் தேய்ந்ததும், அதே 100/90-19, 140/80-17 அளவில் மழையில் நல்ல பிடிப்புள்ள சாலை டயராகப் பார்த்துப் போடுங்கள். அழகு ஒரு பொட்டு குறையாது. அலாய் சக்கரம், டியூப் இல்லாத டயர் என்பதால் ஆணி ஏறினாலும் சாலையோரத்திலேயே அடைத்துக்கொண்டு வீடு வந்து சேரலாம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதியும் இதில் உண்டு. அது மண்ணுக்கு. தார்ச்சாலையில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். உங்கள் கப்சாயின் சங்கிலி மூடிக்குள் இருந்திருக்கும், இதில் திறந்தே இருக்கும். மழையில் நனைந்த அன்றைக்கே துடைத்து எண்ணெய் விடுங்கள். நம் தீவின் உப்புக்காற்று சங்கிலியைச் சும்மா விடாது.

அப்புறம், உயரம். ஸ்கிராம்பளரின் இருக்கை 835 மில்லிமீட்டர், ஸ்பீடுடையது 790. கடைக்குப் போகும்போது வேலைக்குப் போடும் அதே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய் உட்காருங்கள். இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பதிந்தால் போதும். விரல் நுனி மட்டும்தான் தொடுகிறது என்றால் வேண்டாம். சரிவான இடத்தில், தூக்கக் கலக்கத்தில், 179 கிலோ ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் நிறுத்த முடியாது.

முன்பாதம் பதிந்தால் ஸ்கிராம்பளரையே எடுங்கள். நீங்கள் தினமும் போகும் சாலைக்கு அந்த முன்சக்கரமும் சஸ்பென்ஷனும் வளைவில் கிடைக்கும் சுறுசுறுப்பைவிட அதிகம் உதவும். பதியவில்லை என்றால் ஸ்பீட் 400, அதில் எந்தக் குறையும் இல்லை.

கேள்வி: அண்ணா, என் கணவர் பழைய டிரையம்ப் ஸ்கிராம்பளர் 900 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். புகைக்குழாய் உயரத்தில் போகிறது. பின்னால் உட்காரப்போவது நான். கால் சுடுமா? — ஓர் ஆசிரியை, பட்டர்வொர்த்.

பதில்: சுடும், தங்கச்சி. அந்த வண்டியில் இரண்டு சிலிண்டரின் குழாயும் வலப்பக்கமாகத் திரும்பி உயரத்தில் போகும். தகடு போட்டு மறைத்திருந்தாலும், நெரிசலில் நிற்கும்போது ஓட்டுகிறவரின் வலது தொடைக்கு அந்தச் சூடு நன்றாகத் தெரியும். உங்கள் வலது காலுக்கும் பக்கத்தில்தான் குழாய் இருக்கும். ஓடும்போது காற்று சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். தொந்தரவெல்லாம் நிற்கும்போதுதான். அதனால் காலையில் போய் ஓட்டிப் பார்க்காமல், மதிய வெயிலில் இருவருமாக நெரிசலில் அரை மணி நேரம் போய்ப் பாருங்கள். தடித்த ஜீன்ஸ், கணுக்காலை மூடிய சப்பாத்து கட்டாயம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் சேலை கட்டிப் போகும் நாளில் காரிலேயே போய்விடுங்கள், முந்தானைக்கும் சக்கரத்துக்கும் ஆகவே ஆகாது. ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் இடப்பக்கம்.

ஒருவேளை சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, கிச்சாப் (சோயா சாஸ்) எதுவும் தடவ வேண்டாம். கப்சாய் சுட்ட தழும்பு நம்மில் எத்தனை பேர் கெண்டைக்காலில் இருக்கிறது! பாதிக்கு மேல் இப்படிக் கண்டதைத் தடவிப் பெரிதாக்கிக்கொண்டதுதான்.

கேள்வி: அப்பா தோட்டத்தில் ஓட்டும் பழைய வண்டியையும் ஸ்கிராம்பளர் என்கிறார்கள், கடையில் பளபளவென்று நிற்பதையும் அப்படியே சொல்கிறார்கள். எது உண்மையான ஸ்கிராம்பளர்? — ஒரு மாணவன், நிபோங் திபால்.

பதில்: நல்ல கேள்வி, தம்பி. இங்கிலாந்தில் மேடு, பள்ளம், சேறு என்று பாராமல் ஓட்டும் பந்தயத்துக்கு ஸ்கிராம்பிள் என்று பெயர். 1924இல் கேம்பர்லி என்ற ஊரில் நடந்த பந்தயத்திலிருந்து அந்தப் பெயர் பரவியது. பிறகு அதுதான் மோட்டோகிராஸ் ஆனது. அந்தக் காலத்தில் சாலையில் ஓடும் வண்டியையே எடுத்து, கல்லும் தண்ணீரும் படாமலிருக்கப் புகைக்குழாயை உயர்த்தி, டயரை மாற்றி ஓட்டினார்கள். 1962இல் ஹோண்டா சிஎல்72, டுக்காட்டி ஸ்கிராம்பளர் என்று கம்பெனிகளே அப்படிச் செய்து விற்கத் தொடங்கின. 2006இல் டிரையம்ப் அந்தத் தோற்றத்தை 865 சிசியில் திரும்பக் கொண்டுவந்தது. இன்றைக்குக் கடையில் நிற்பவை அந்த வழியில் வந்தவைதான். செம்பனைத் தோட்டத்தில் மழைக்காலத்துச் சேற்றில் தினமும் ஏறி இறங்கும் உங்கள் அப்பாவின் வண்டி, பெயர் பிறந்த வேலையையே இன்னும் செய்துகொண்டிருக்கிறது. அதன் படம் ஒன்று எடுத்து அனுப்புங்கள், சேற்றைக் கழுவாமல்.