ஸ்டீரியோ ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை

கேள்வி: அண்ணா, எங்களுடையது 2013 மாடல் சின்ன கார். போன மாதம் டிரைவர் பக்கக் கதவில் பவர் விண்டோ வேலை செய்தோம். அதிலிருந்து ஸ்டீரியோவில் லைட் எரிகிறது, பாட்டின் நொடிகள் ஓடுகின்றன, நான்கு ஸ்பீக்கரிலும் சத்தமே இல்லை. சில நாள் சாவி போட்டதும் ஒரு நொடி கேட்டு நின்றுவிடுகிறது. செட்டையே மாற்ற வேண்டும், 9,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். அம்மாவை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு மதுரைக்குக் கூட்டிப்போகிறேன். பாட்டு இருந்தால்தான் அவருக்குப் போகிற தூரம் தெரியாது. மாற்றித்தான் ஆகவேண்டுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள் தங்கச்சி. கதவு வேலைக்குப் பிறகு வந்த கோளாறு என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதில்தான் பதில் இருக்கிறது. அந்த ஒரு நொடிப் பாட்டும் அதையேதான் சொல்கிறது.

செட்டுக்குள் நான்கு ஸ்பீக்கரையும் ஓட்டுவது பெரும்பாலும் ஒரே ஐசி, அதாவது சத்தத்தைப் பெருக்குகிற சின்ன சிப். ஸ்பீக்கருக்குப் போகிற இரண்டு ஒயரில் ஒன்று எர்த் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, இரண்டிலுமே கரண்ட் உண்டு. அதில் எது கார் பாடியைத் தொட்டாலும் ஐசி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொள்ளும். தப்பு ஒரு கதவில், ஊமையாவது நான்கும். சாவி போட்டதும் ஒரு தடவை முயன்று பார்க்கும், ஷார்ட் தெரிந்ததும் நிறுத்திவிடும். கதவின் உள்பக்க அட்டையைத் திரும்ப மாட்டும்போது ஸ்பீக்கர் ஒயர் தகரத்துக்கும் அட்டைக்கும் நடுவில் நசுங்கியிருக்கும், அல்லது ஸ்குரூ குத்தியிருக்கும் என்பதுதான் என் சந்தேகம்.

2008-ல் ஒரு டாக்ஸி டிரைவருக்கு இதே நிலைமையில் நானே புது செட் மாற்றிக் கொடுத்தேன். புதுசும் பேசவில்லை. கதவைக் கழற்றினால் ஸ்குரூ முனையில் ஒயர். அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து ஸ்பீக்கர் லைனைப் பார்க்காமல் நான் செட்டைக் குறை சொல்வதில்லை.

முதலில் மியூட்டையும், முன் பின் சத்தம் பிரிக்கிற ஃபேடரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சரி, அதில் ஒன்றும் இல்லையென்றால் சாவியை எடுத்துவிட்டு, செட்டை வெளியே இழுத்து, பின்னால் இருக்கிற கனெக்டரைக் கழற்றுங்கள். கனெக்டரைக் கழற்றினால் சில செட் மறுபடி கோட் நம்பர் கேட்கும், அதை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீரிங் பக்கமோ டேஷ்போர்டுக்குள்ளோ மஞ்சள் உறை போட்ட கனெக்டர் தெரிந்தால் தொடவே தொடாதீர்கள், அது ஏர்பேக்.

வெளியில் வாங்கி மாட்டிய செட் என்றால் நிறங்கள் பொதுவாக இப்படி இருக்கும்: வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட ஜோடி உண்டு. கம்பெனியிலிருந்தே வந்த செட்டில் நிறம் வேறாக இருக்கும். உங்கள் டிரைவர் கதவு முன் வலது, அதனால் சாம்பல் ஜோடியில் ஆரம்பியுங்கள். கார் பக்கம் போகிற அந்த இரண்டு ஒயரில் சுவர்க்கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் செல்லை ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'டப்' என்று கேட்டால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது.

அது மட்டும் போதாது. ஒயர் பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் அந்த 'டப்' வரும். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையைக் காரின் வெறும் இரும்பிலும் மறு முனையை ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயரிலும் வையுங்கள். OL என்றோ, சில மீட்டரில் இடது ஓரத்தில் வெறும் 1 என்றோதான் வரவேண்டும். பூஜ்யத்தை ஒட்டியோ 3, 4 ஓம் என்றோ காட்டினால் அந்த ஜோடிதான் குற்றவாளி. மீட்டர் இல்லையென்றால் கதவு ஜோடியை மட்டும் பிரித்து, செட் பக்க முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி, கனெக்டரை மாட்டி சாவி போடுங்கள். மற்ற மூன்றும் பாடினால் விஷயம் முடிந்தது. அந்த மூன்றோடே நீங்கள் மதுரை போய்வரலாம், செட்டுக்கு ஒன்றும் ஆகாது.

எல்லா ஒயரும் சுத்தமாக இருந்தும் சத்தம் வரவில்லையா? வீட்டில் கிடக்கும் ஒரு பழைய ஸ்பீக்கரை செட்டின் ஒரு ஜோடியில் நேராகக் கொடுத்துப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் ஐசி போயிருக்கலாம். அப்போதும் ரேடியோ ரிப்பேர் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் புது செட்டைப் பற்றி யோசியுங்கள். சீட்டுக்கு அடியில் தனி ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதில் சிவப்பு லைட் எரிகிறதா என்றும் பாருங்கள், அது பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயரும் தன்னைக் காப்பாற்ற நிறுத்திக்கொண்டதன் அடையாளம்.

கதவைத் திறந்ததும் கீல் பக்கம் ஒரு ரப்பர் குழாய் தெரியும். அதற்குள்ளும் ஒயர் தேய்ந்திருக்கலாம், பிரித்துப் பாருங்கள். தேய்ந்த இடத்தை வெட்டி, முறுக்கி சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு மூடச் சொல்லுங்கள். அப்புறம் அட்டையை மாட்டுவதற்கு முன் கண்ணாடியை முழுசாக இறக்கி ஏற்றிப் பாருங்கள். ஒயர் அதன் வழியில் வந்தால் கிளிப் போட்டு ஓரமாக ஒதுக்கிய பிறகே ஸ்குரூவை முடுக்க வேண்டும்.