கோச்சிங்குக்காக ஆத்தாவின் செயினை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 23 வயது. பி.காம். முடித்துவிட்டு காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 17,000 ரூபாய். ஆத்தா (அம்மா) வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறார்கள். அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) உடம்பு முடியாததால் வேலைக்குப் போவதில்லை. வரும் நவம்பரில் கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.எம்.மில் எம்.பி.ஏ. சேர வேண்டும் என்பது என் ஆசை. மதுரையில் ஞாயிறு வகுப்புக்கு 60,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி என்கிறார்கள். ஆத்தா தன் செயினை அடகு வைத்துத் தருகிறேன், வேலையை விட்டுவிட்டுப் படி என்கிறார்கள். என்னிடம் ஆர்.டி.யில் 48,000 ரூபாய் இருக்கிறது. கோச்சிங் போகாமல் நானே படித்தால் முடியுமா? சீட் கிடைத்தால், ஊரில் இருக்கும் ஐயா (தாத்தா) வீட்டுப் பங்கைக் காட்டிக் கல்விக் கடன் வாங்கலாமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: செயின் பெட்டியிலேயே இருக்கட்டும். வேலையையும் விட வேண்டாம். நீங்களே படிக்கலாம், உங்கள் நிலைமைக்கு அதுதான் சரியான வழி. ஆனால் அதைச் செலவே இல்லாத வழி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த 48,000 ரூபாயில் ஒரு பகுதியை எடுக்கத்தான் சொல்லப்போகிறேன், வேறு இடத்தில் போடுவதற்கு.

முதலில் ஆத்தா சொல்லும் வழிக்குக் கணக்குப் போடுவோம். 60,000-க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 70,800. வாரா வாரம் மதுரைக்குப் பஸ், சாப்பாடு என்று 400 ரூபாய் வைத்தாலே எட்டு மாதத்தில் 13,000 ரூபாய்க்கு மேல் போகும். நகைக்கடன் வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 7,000 சொச்சம். வேலையை விட்டால் மார்ச் தொடங்கி நவம்பர் வரை ஒன்பது மாதச் சம்பளம் 1,53,000. எல்லாம் கூட்டினால் 2.4 லட்சத்தைத் தாண்டுகிறது. இதில் கோச்சிங் கட்டணம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய ஓட்டை, சம்பளம் நின்றுபோவதுதான். அப்பச்சி வேலைக்குப் போகாத வீட்டில் இதைச் செய்யக்கூடாது. அதோடு, பல ஐ.ஐ.எம்.கள் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது வேலை அனுபவத்துக்கும் மதிப்பெண் தருகின்றன. தேர்வுக்காக வேலையை விட்டால் அதுவும் குறையும்.

இனி தேர்வுக்கு வருவோம். கேட் இரண்டு மணி நேரத் தேர்வு. ஆங்கில வாசிப்பு, தரவு மற்றும் தர்க்கம், கணக்கு என மூன்று பகுதி; ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியில் மிச்சமாகும் நேரத்தை அடுத்ததற்குக் கொண்டுபோக முடியாது. 2024-இல் மொத்தம் 68 கேள்விகள். சரியான விடைக்கு 3 மதிப்பெண்; நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தப்பானால் 1 குறையும். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு அந்தக் கழித்தல் கிடையாது, அவற்றை வெறுமனே விட்டுவிட்டு வராதீர்கள். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் சராசரியாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு விடை நிச்சயமாகத் தப்பு என்று தள்ள முடிந்தால், மிச்ச மூன்றில் ஒன்றைத் தொடுவது சராசரியில் லாபம்தான். 2023-இல் 66 கேள்விகள், மொத்தம் 198 மதிப்பெண்; அதில் பாதிக்கும் குறைவானதே 99 பர்சன்டைலுக்கு, அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு 99 பேரை முந்துவதற்கு, போதுமாக இருந்தது. ஆகவே எல்லாக் கேள்விக்கும் விடை தெரிய வேண்டியதில்லை. எதைத் தொடுவது, எதை விடுவது என்று தெரிய வேண்டும்.

இதனால்தான் சொல்கிறேன், வகுப்பில் உட்கார்ந்து கேட்பதைவிட மாதிரித் தேர்வு எழுதி அதை அலசுவதுதான் இங்கே படிப்பு. பெரிய பயிற்சி நிறுவனங்கள் மாதிரித் தேர்வுத் தொகுப்பை மட்டும் தனியாகச் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கின்றன. அதற்கு 5,000 ஒதுக்குங்கள். இரண்டு மணி நேரம் எழுதினால் மூன்று மணி நேரம் அலசுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு தப்புக்கும் ஒரு வரி: தெரியாமல் தப்பா, தெரிந்தும் அவசரத்தில் தப்பா, தொட்டே இருக்கக்கூடாத கேள்வியா? நாலைந்து தேர்வு ஆனதும் அந்த நோட்டைத் திருப்பிப் பாருங்கள், உங்கள் மதிப்பெண் எங்கே கசிகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

கணக்குக்குப் பயப்படாதீர்கள். 'அடக்க விலைக்கு மேல் 40 சதவீதம் ஏற்றிக் குறித்து, 25 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் லாபம் எவ்வளவு?' ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவர் 1.4-ஐ 0.75-ஆல் பெருக்கி 5 சதவீதம் என்று சொல்லிவிடுவீர்கள். சதவீதம், விகிதம், வட்டி, வேலையும் நேரமும், இவையெல்லாம் கேட் கணக்கில் கணிசமான இடம் பிடிப்பவை. அல்ஜீப்ராவும் ஜியாமெட்ரியும் மறந்திருந்தால் சமச்சீர் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் தொடங்குங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் இடறுவது ஆங்கிலத்தில். அதுவும் பேசும் ஆங்கிலத்தில் இல்லை, வாசிப்பதில். 2024-இல் அந்தப் பகுதியின் 24 கேள்விகளில் 16 கேள்விகள் நீண்ட பத்திகளைப் படித்து விடை சொல்பவை. தத்துவம், சூழலியல், கலை வரலாறு என்று எதிலிருந்தும் பத்தி வரும். இதைக் கடைசி இரண்டு மாதத்தில் பிடிக்க முடியாது, காசு கொடுத்தும் வாங்க முடியாது. இன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலத் தலையங்கமும் கட்டுரையும் படியுங்கள். படித்து முடித்ததும் எழுதியவர் என்னதான் சொல்கிறார் என்று தமிழிலாவது இரண்டு வரி எழுதிப் பாருங்கள். கிளை நூலகத்தில் உறுப்பினராக ஆகும் செலவெல்லாம் ஒரு செலவே இல்லை. ஜூன் வரைக்கும் இப்படிப் படித்தும் மாதிரித் தேர்வில் ஒரு பகுதி மட்டும் நகரவே இல்லை என்றால், அந்தப் பகுதிக்கு மட்டும் ஆன்லைன் வகுப்பு வாங்குங்கள். முழு கோச்சிங்கும் தேவையில்லை.

அடுத்தது, நீங்கள் கேட்காத ஒன்று. உங்களுக்குக் குறையப்போவது பணத்தைவிட நேரம். கேட் வழக்கமாக நவம்பர் கடைசி ஞாயிறுகளில் வரும். உங்கள் அலுவலகத்தில் ஜூலையும் செப்டம்பரும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அது முடிந்து மூச்சு விடும்போது வீட்டில் தீபாவளி ஆர்டர் வந்து நிற்கும். மாவு இடிப்பது, தேன்குழல் பிழிவது, சீப்புச் சீடை சுருட்டுவது, பாக்கெட் போட்டு எடை பார்ப்பது எல்லாவற்றுக்கும் உங்கள் கைதான் இரண்டாவது கை என்று நினைக்கிறேன். மாதிரித் தேர்வுகளைத் தீவிரமாக எழுத வேண்டிய வாரங்களும் அவைதான். ஆகவே ஆர்.டி.யிலிருந்து 12,000 ரூபாயை எடுத்து, அந்த நாலைந்து வாரத்துக்கு ஆத்தாவுக்குக் கூடமாட ஒரு ஆளை வையுங்கள். கோச்சிங்குக்குக் கொடுக்கும் 70,800-ஐவிட இந்தப் பணம் உங்களுக்கு அதிக மதிப்பெண் வாங்கித் தரும் என்று உறுதியாக நம்புகிறேன். ஆத்தாவிடம் இதை இப்போதே பேசிவிடுங்கள். அக்டோபரில் ஆள் கிடைக்காது. அடிப்படைப் பாடங்களை ஜூனுக்குள் முடிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

தேர்வுக் கட்டணம் 2025-இல் பொதுப் பிரிவுக்கு 2,600 ரூபாய். ஆகஸ்ட், செப்டம்பரில் விண்ணப்பிக்க வேண்டும். மையம் திருச்சியோ மதுரையோ கேளுங்கள். இந்தக் கட்டணம் ஐ.ஐ.எம்.களுக்கு மட்டும்தான். கேட் மதிப்பெண்ணை ஏற்கும் மற்றக் கல்லூரிகள் தனித்தனி விண்ணப்பக் கட்டணம் கேட்கும், நேர்முகத்துக்கு ரயில் செலவும் இருக்கிறது. அதற்கு 15,000 தனியாக வையுங்கள். மிச்சத்தைத் தொடாதீர்கள், சீட் கிடைத்தால் அதை உறுதிப்படுத்தச் சில நாளுக்குள் ஒரு தொகை கட்டச் சொல்வார்கள், ஆர்.டி.யை மாதாமாதம் தொடர்ந்து கட்டுவது அப்போது கை கொடுக்கும். அப்படியே டான்செட் நுழைவுத் தேர்வும் எழுதுங்கள். தமிழ்நாட்டிலேயே குறைந்த கட்டணத்தில் எம்.பி.ஏ. படிக்க அது ஒரு வழி.

சரி, கல்விக் கடன். பல ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருடக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 20 லட்சத்தை 9.5 சதவீதத்தில் பத்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 26,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியைக் கட்டாமல் விட்டால் இன்னும் கூடும். அதனால் ஒரு கல்லூரியைப் பார்க்கும்போது அதிகபட்சச் சம்பளத்தையோ சராசரியையோ பார்க்காமல், மீடியன் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். பாதிப் பேர் அதற்குக் கீழேதான் வாங்குகிறார்கள். அந்தச் சம்பளத்தில் இந்தத் தவணை போனால் வீட்டுக்கு என்ன மிஞ்சும் என்று பாருங்கள். மிஞ்சாது என்றால், சீட் கிடைத்தாலும் அந்தக் கல்லூரி வேண்டாம்.

ஐயா வீட்டுப் பங்கை மறந்துவிடுங்கள். நம் பகுதி வீடுகளில் எத்தனை பங்காளி, யார் யார் எந்த ஊரில் என்பதே பெரிய கதை. பிரிக்காத பங்கை வங்கி ஏற்கத் தயங்கும். எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வந்தால் அட்மிஷன் தேதி தாண்டிவிடும். நல்ல செய்தி, ஐ.ஐ.எம். போன்ற முன்னணி நிறுவனங்களில் சீட் கிடைத்தவர்களுக்கு ஸ்டேட் வங்கி உள்ளிட்ட வங்கிகள் சொத்துப் பிணையில்லாமலே கடன் தருகின்றன. 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டமும் இருக்கிறது: பட்டியலில் உள்ள நிறுவனத்தில் சேர்ந்தால் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்து, வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதவர்கள், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகை கேட்டு விண்ணப்பிக்கலாம். இதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். அப்பச்சியின் பெயரிலும் ஆத்தாவின் பெயரிலும் ஆதார், பான், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் இனிஷியல் ஒன்றுபோல் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். மாறியிருந்தால் இ-சேவை மையத்தில் இப்போதே திருத்தக் கொடுத்துவிடுங்கள்.